எதுல வந்தீங்க?

"என் டோக்கன் பதினாலு. இப்ப உள்ள போயிருக்கறது முப்பத்தொண்ணு. இது என்னங்க நியாயம்?"

ஜெயசித்ரா போட்ட சத்தத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்து வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

அவள் மடியில் பதினோரு மாசத்துப் பரணிதரன். நேற்று சாயங்காலத்திலிருந்து காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போன மாசம் இப்படித்தான் காய்ச்சல் ஏறி, இழுப்பு வந்து, கண் சொருகிப்போனது. அதை நினைத்து நினைத்தே அவள் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பர்சானா மேஜையிலிருந்து நிமிர்ந்தாள். "மருந்து ஊத்தியிருக்கேன்லம்மா? நூறுக்கு இறங்கிடுச்சு. பயப்படாதீங்க, கொஞ்சம் பொறுங்க."

"பதினொரு மணியிலேருந்து பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எட்டு வரைக்கும் ஒழுங்காக் கூப்பிட்டீங்க. அப்புறம் இருபத்திமூணு, இருபத்தஞ்சு, முப்பத்தொண்ணுன்னு உங்க இஷ்டத்துக்குக் கூப்பிட்டா எப்படி?"

முழங்கால் வலிக்கு வந்திருந்த அண்ணாதுரை, "நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்" என்று சேர்ந்துகொண்டார். "மூணு பேருமே விக்கிரமங்கலம் பக்கம். வேண்டப்பட்டவங்க போல. முருங்கக்கீரை, கத்திரிக்கான்னு ஏதாச்சும் கை மாறியிருக்கும்."

யாரோ சிரித்தார்கள்.

அதற்குள் முப்பத்தொண்ணு வெளியே வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ரோட்டைப் பார்த்து ஓடினாள்.

"காரியம் முடிஞ்சதும் ஓட்டத்தைப் பாரு" என்றார் அண்ணாதுரை.

ஜெயசித்ராவுக்கு இன்னும் எரிந்தது. டோக்கன் கொடுக்கும்போதே இந்த நர்ஸ் எல்லாரையும் விசாரித்தாள். எந்த ஊரு, எதுல வந்தீங்க என்று. 'உள்ளூருதான், ஸ்கூட்டியில' என்று சொன்னதும் நோட்டில் என்னமோ கிறுக்கினாள். ஊரைப் பார்த்து, வண்டியைப் பார்த்தா வைத்தியம்? அப்போதே கேட்டிருக்கணும்.

"அப்படியில்லங்க, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க..." என்றாள் பர்சானா.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சிஸ்டர். டோக்கனை எதுக்குக் குடுத்தீங்க, தாயம் ஆடவா? வரிசையாக் கூப்பிடுங்க. இல்லேன்னா இப்பவே நூத்திநாலுக்கு போன் போட்டுப் புகார் சொல்லிடுவேன்."

"ஆமா, வரிசைன்னா வரிசைதான்!" நாலைந்து குரல்கள் எழும்பின.

"வெளியில என்ன சத்தம்? இங்க ஒண்ணும் காதுல விழல!" உள்ளேயிருந்து டாக்டர் கத்தினார்.

பர்சானா நோட்டைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டே கால்.

"சரிங்க. நம்பர்படியே கூப்பிடறேன்" என்றாள். "ஒன்பது!"

"பார்த்தியாம்மா, சத்தம் போட்டாத்தான் இவங்களுக்குக் காது கேக்குது" என்றபடி அண்ணாதுரை எழுந்து உள்ளே போனார். போனவர் முழங்காலில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் கதை சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

பத்து. பதினொண்ணு.

பரணிதரன் சிணுங்கினான். ஜெயசித்ரா அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தத் துண்டைக் குடு தாயி" என்றாள் பக்கத்தில் இருந்த பாப்பாயி. அறுபது வயசிருக்கும். வலது காலில் கட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் கவர். நொண்டிக்கொண்டே குழாய்வரை போய்த் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள். நெற்றியில் வைத்ததும் பிள்ளை கொஞ்சம் அடங்கினான்.

"உங்களுக்கு என்னம்மா?"

"சக்கரைப் புண்ணு. வேலி முள்ளு குத்துனது, ஆறவே மாட்டேங்குது. டாக்டரு பார்த்துத்தான் கட்டு மாத்தணுமாம். கறுத்துப்போச்சுன்னா வெரலையே எடுத்துடுவாங்களாமே?" சொல்லிவிட்டு ரோட்டை எட்டிப் பார்த்தாள். கையில் இருபத்தொன்பதாம் நம்பர் டோக்கன்.

பன்னிரண்டு. பதிமூணு.

வாசலில் பஸ் ஹாரன் கேட்டது. பாப்பாயி எழுந்து டோக்கனை மேஜைமேல் வைத்தாள்.

பர்சானா பதறி எழுந்தாள். "ஒரு அஞ்சு நிமிஷம் இருங்கம்மா, நான் டாக்டர்கிட்ட..."

"டிரைவரு நிப்பாட்ட மாட்டாரு பாப்பா. இதை விட்டா நாலரைக்குத்தான். வூட்டுல மனுசன் படுத்த படுக்கையாக் கெடக்காரு, கஞ்சி ஊத்த ஆளில்ல. இன்னொரு நாளைக்கு வரேன்."

மாற்றாத கட்டோடு காலை இழுத்து இழுத்துப் போய் ஏறிக்கொண்டாள். பஸ் கிளம்பியது.

"பதினாலு!"

ஜெயசித்ரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். "அந்தம்மா இனிமே எப்ப வருவாங்க சிஸ்டர்?"

"தெரியலைங்க. இன்னைக்கு வந்ததே ஒரு நாள் கூலியை விட்டுட்டுத்தான். போன மாசமும் ரெண்டு தடவை இப்படித்தான் பார்க்காமலே போனாங்க."

பர்சானா சீட்டு எழுதக் குனிந்தாள். அவள் நோட்டு திறந்தே கிடந்தது. ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு. இருபத்திமூணு, இருபத்தஞ்சு, முப்பத்தொண்ணு மூன்றுக்கும் '12.20 பஸ்'. இருபத்தொன்பதுக்கு '12.40 பஸ், கால் புண்'.

முப்பத்தொண்ணிலிருந்து சிவப்பு மையில் ஒரு அம்புக்குறி கிளம்பி, பதினாலாம் நம்பரில் வந்து நின்றது.

'அடுத்து இவங்க. ஸ்கூட்டிதான், ஆனா கைக்குழந்தைக்குக் காய்ச்சல்.'