துணைக்கு ஒரு ஆள்

"நாளையிலேர்ந்து உங்க அண்ணனை ஊட்லயே உட்டுட்டு வாம்மா" என்றார் ஜம்புலிங்கம், பில் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

கவிதா அவர் மேஜை அருகே வந்து நின்றாள். ஆறு கடை ஏறி இறங்கிக் கிடைத்த வேலை இது.

திருத்தணி ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தது அந்தச் சலவைக் கடை. லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று எட்டு இடத்து வெள்ளை விரிப்புகளும் ஒன்றாக வெளுக்கும். வெளுத்த பிறகு எது யாருடையது என்று பிரிப்பதுதான் பெரும்பாடு. மூலையில் தைத்த சின்ன நூல் குறி ஒன்றுதான் அடையாளம்.

"இன்னா மொதலாளி, திடீர்னு?"

"ஆடிக் கிருத்திகை வருது. லோடு டபுளாவும். அவனுக்குத் தண்ணி குடுத்துகினு, சமாதானம் பண்ணிகினு நீ எப்போ வேலை பாப்ப?"

"அவன் தனியா இருக்க மாட்டான். மிஷின் சத்தத்துக்கு மெரண்டுடுவான்னுதான பின்ரூம் கதவைச் சாத்திகினு இருக்கோம்."

"அதான் சொல்றேன். மூணு மாசம் முன்னாடி அவனுக்குத்தான வேலை கேட்டு வந்த? ஆட்டிசம், கூட ஒரு ஆள் இருந்தா நல்லா செய்வான்னு சொன்ன. வேலைக்கு ஒருத்தன், அவனைப் பாத்துக்க ஒருத்தி, ரெண்டு பேர் வந்து உக்கார இது இன்னா சத்திரமான்னு கேட்டேன். நல்லவேளை, நீயே சேந்துட்ட. அன்னிலேர்ந்து ஒரு விரிப்பு மாறல. முன்னாடிலாம் மண்டபத்து விரிப்பு லாட்ஜுக்குப் போயி ஒரே அடிதடி."

கவிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணன் வரலன்னா நானும் வரல மொதலாளி. வேற ஆள் பாத்துக்கோங்க."

ஜம்புலிங்கத்தின் பேனா நின்றது. அவளுக்கு முன்னால் ஒரே வருஷத்தில் நாலு பேர் வந்து ஓடியிருந்தார்கள்.

"மெரட்டுறியா?"

"சொல்றேன்."

"சரி, இட்டாந்து தொலை. ஆனா ஒண்ணு, ஓரமா சும்மா உக்காந்துகினு இருக்கணும். ஒரு துணில கை வெக்கக் கூடாது."

"ஆங், அப்படியே ஆவட்டும் மொதலாளி."

பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அண்ணன் சந்திரமோகன் முன்னும் பின்னும் ஆடியபடி, விரிப்புகளின் மூலையைத் தடவிப் பார்த்துப் பார்த்து எட்டுக் குவியலாக வீசிக்கொண்டிருந்தான்.

கவிதா ஓரமாகச் சும்மா உட்கார்ந்தாள். இந்த மூன்று மாதத்தில் ஒரு துணியிலும் அவள் கை வைத்ததில்லை.