சப்பரத்தடியில் செருப்பு

"அடப்பாவி! அந்தோணியார் சப்பரத்துக்குத் தோள் குடுத்துக்கினு கால்ல செருப்பா?"

உபதேசியார் ராயப்பன் போட்ட சத்தத்தில் மேளமே நின்றுபோனது.

சாதாரணச் செருப்பும் இல்லை. பட்டாளத்து லாரி டயரை மூன்று அடுக்கு வைத்துத் தைத்தது. போட்டிருந்தவன் சின்னப்பராஜ். ஒலக்கூர்ப் பக்கம் யாரும் இப்படி ஓர் அக்கிரமத்தைக் கண்டதில்லை.

அதுவும் அவன் நின்றது சவரிராயன் இடத்தில்! முன்பக்கத்து வலது தண்டு மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்குத்தான். எல்லாருமே ஒட்டடைக்கம்பு உயரம். கை முழங்காலைத் தொடும், விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் நீளம். "சப்பரம் தூக்கன்னே ஆண்டவர் செஞ்ச ஒடம்பு" என்று ஊர் மெச்சும். மற்ற மூன்று பேரையும் அந்த உயரத்துக்குத்தான் தேடிப் பிடிப்பார்கள். உயரம் குறைந்தால் சப்பரம் சாயும், சாய்ந்தால் ஊருக்கு ஆகாது.

சவரிராயனின் அப்பா சப்பரம் தூக்கிய அன்றே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அண்ணனும் அப்படியே. இருவரும் நாற்பதைத் தாண்டவில்லை. அந்தோணியாரே கூப்பிட்டுக்கொண்டார் என்று ஊருக்கு ஒரே பெருமை.

சவரிராயன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "தலைப்பாகையத் தேடிக்கினு இருந்தேன், அதுக்குள்ள பூந்துட்டியா? நவுருடா! எங்க அப்பன் நின்ன எடம்டா அது!"

"தூக்கின சப்பரம் கோயிலுக்குத் திரும்புற வரைக்கும் ஆளு மாறக் கூடாது. உங்க அப்பன் வெச்ச சட்டந்தான். வழி விடுப்பா, ஜல்தி!" என்று சின்னப்பராஜ் இளித்தான்.

வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாக முகம் பார்க்காத பகையாளி. சமயம் பார்த்துக் கழுத்தறுத்துவிட்டான், படுபாவி!

சவரிராயன் மனைவி இருதயசெல்வி மண்ணை வாரி இறைத்தாள். "அடுத்தவன் எடத்தப் புடுங்குறியே, நீ நல்லா இருப்பியா?"

சவரிராயன் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதபடி பின்னால் நடந்தான். சப்பரம் என்னவோ ஒரு விரற்கடை சாயாமல் ஊரைச் சுற்றி வந்தது.

பங்குச் சாமியார் தண்டனை கொடுத்தார். ஒரு மாசம் கோயில் வளாகத்தைப் பெருக்க வேண்டும்.

"சரிங்க சாமி" என்றான் சின்னப்பராஜ்.

மறுநாள் மத்தியானம் அவன் பெருக்கிக்கொண்டிருந்தபோது, இருதயசெல்வி தூக்குவாளியில் கோழிக்குழம்போடு வந்து நின்றாள்.

"இடுப்பு நோவுதாண்ணே?"

"இடுப்ப வுடு தங்கச்சி. நீ இறைச்ச மண்ணு இன்னும் கண்ணுல உறுத்துது. ஒரே பேஜாரு!"

"கொறச்சலா இறைச்சா அவருக்குச் சந்தேகம் வந்துடும்ணே." அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "செருப்பு ஒசரம் சரியா இருந்துச்சா? அவரு தூங்கும்போது குதிகாலுலேருந்து தோள் வரைக்கும் நூல் புடிச்சு அளந்தேன்."

"அச்சா இருந்துச்சு. தலைப்பாகை?"

"கேப்பைப் பானைக்குள்ள கெடக்குது."

சின்னப்பராஜ் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தான். "விழுப்புரம் டாக்டரு மெய்யாலுமே அப்படியா சொன்னாரு?"

"ஆமாண்ணே. பொறப்புலயே அந்த வம்சத்துக்கு ஒடம்ப இழுத்துக் கட்டுற இழை பலமில்லையாம். நெட்டை ஒடம்பு, நீட்டு விரலு, எல்லாம் அதோட அடையாளமாம். நெஞ்சுலேருந்து ரத்தம் போற பெரிய கொழாயி, நைஞ்சுபோன சைக்கிள் டியூப்பாட்டம் உப்பிக்கினு இருக்காம். பாரம் தூக்கினா வெடிச்சிடுமாம். இவரு என்னடான்னா, 'அந்தோணியாரு கூப்பிட்டா போறேன்'னு சிரிக்கிறாரு."

"போவாரு, போவாரு! நான் வுட்டாத்தானே? அடுத்த வருஷத்துக்கும் அந்தச் செருப்பு தாங்கும்."

"உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்புடணும்ணே. அப்போ அந்த வரப்புத் தகராறு..."

"அதுல ஒரு சாண் வுட மாட்டேன்!" என்றான் சின்னப்பராஜ். "ஆயுசுக்கும் சண்டை போட அந்தாளு உசுரோட இருக்கணும்ல?"