முதலில் ஜாம்

"கத்தியக் கீழ போடு!"

பெட்ராக் ட்ரெகென்சா போட்ட சத்தத்தில் அலமாரிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. எதிரே உட்கார்ந்திருந்த இளைஞனின் கை அந்தரத்தில் நின்றது. கத்தி நுனியில் ஒரு கட்டிப் பாலாடை.

"நான் என்னங்கய்யா செஞ்சேன்?"

"ஸ்கோன் ரொட்டியில மொதல்ல பாலாடையத் தடவப் போனியே, அது போதாதா? இது கார்ன்வால், தம்பி. இங்க மொதல்ல ஜாம். அதுக்கு மேலதான் பாலாடை."

"எங்க டெவன்ல பாலாடைதான் மொதல்ல."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் எல்லாமே தலைகீழ்தான்!"

பெட்ராக்குக்கு ஒரு வாரமாகவே வயிற்றெரிச்சல். ஒரே மகள் கெரென்சா போயும் போயும் ஒரு டெவன்காரனைக் காதலிக்கிறாள். "சனிக்கிழமை நாலு மணி டீக்கு அவர் வருவார். உங்களுக்குப் பிடிக்கலைன்னாலும் திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பேர் குடுத்துடுவோம்" என்று சொல்லியும் விட்டாள்.

இன்று சனிக்கிழமை. தாயும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். தொழுவத்தில் சினைப்பசு ஒன்று கத்திக்கொண்டிருந்தது; காலையில் மனைவி அதற்காக யாருக்கோ போன் செய்தது பெட்ராக் மனசில் பதியவே இல்லை. மூன்று மணிக்கே கதவு தட்டும் சத்தம்.

"எந்த ஊரு?" என்றார் பெட்ராக், திறந்ததும் திறக்காததுமாக.

"டெவன்ங்கய்யா. நான் வந்தது..."

"எல்லாம் தெரியும். வந்து உக்காரு."

அவன் முதலில் குழாயடிக்குப் போய், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். சுத்தக்காரன்தான் என்று பெட்ராக் மனசுக்குள் ஒரு மார்க் போட்டிருந்தார். பாலாடையைத் தொட்டதும் அதை அழித்துவிட்டார்.

"இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. ஜாமை மொதல்ல தடவு. எல்லாத்தையும் மறந்துடறேன்."

இளைஞன் கத்தியைத் தட்டில் வைத்தான். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"எங்கம்மா பழக்கினதுங்கய்யா. ஒரு ஸ்கோனுக்காக மாத்திக்க மாட்டேன். பசியோடவே இருந்துக்கறேன்."

பெட்ராக் அவனை உற்றுப் பார்த்தார். ஒப்புக்காவது தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லையே! பாலாடையையே விட்டுக்கொடுக்காதவன் பெண்ணையா விட்டுக்கொடுப்பான்?

அவர் தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "பலே! உன் இஷ்டப்படியே தின்னு!"

அவன் ஒரு வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடினான். "அடேயப்பா! இந்த மஞ்சள் நிறம் எங்க பக்கத்துல கூட வராதுங்க. உங்க புல்லு அப்படி."

பெட்ராக் உருகிப் போனார். அடுத்த ஸ்கோனை அவரே எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முதலில் பாலாடையைத் தடவிக் கொடுத்தார். பிறந்ததிலிருந்து செய்யாத பாவம்.

"தம்பி, கெரென்சாவ உன்னை நம்பித்தான் விடறேன். என் கையில வளந்தவ."

"கவலைப்படாதீங்கய்யா."

"கொஞ்சம் முரடு. புடிச்ச புடியிலயே நிப்பா."

"எனக்குப் பழக்கம்தாங்க. தட்டிக் குடுத்தா வழிக்கு வந்துடும்."

"எவ்வளவு கஷ்டம் வந்தாலும் பாதியில விட்டுட்டுப் போயிட மாட்டியே?"

"விடிய விடிய ஆனாலும் கூடவே நிப்பேன்."

பெட்ராக்குக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அவனை இறுகக் கட்டிக்கொண்டார். அவன் கன்னத்து ஜாம் அவர் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டது.

"போ தம்பி. இனிமே அவ உன் பொறுப்பு."

நெகிழ்ந்துபோன இளைஞன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு, பையிலிருந்து தோள்வரை நீளும் ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து உதறி மாட்டிக்கொண்டான்.

"சரிங்கய்யா, கெரென்சாவ எந்தத் தொழுவத்துல கட்டியிருக்கீங்க?"