வியர்ப்பதற்கு முன்

நாற்பத்தோரு நாளாக அந்த வீட்டு ஏசி ஒருமுறைகூடப் பிசகவில்லை. மாதவிலக்கு நின்றதிலிருந்து பூங்கோதைக்கு நெஞ்சிலிருந்து திடீரென அனல் கிளம்பும். மருத்துவர் கட்டிவிட்ட கைப்பட்டை அதை முன்பே உணர்ந்து, ஏசியை இயக்கி, அவளுக்கு வியர்ப்பதற்குள் அறையைக் குளிர வைக்கும் என்பது ஏற்பாடு.

"இருபத்தாறு வருஷம் கூட இருந்த உங்களுக்கு என்னைத் தெரியல. இந்தப் பட்டைக்குத் தெரியுது," என்பாள். அவள் கணவர் தணிகாசலம் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பார்.

இன்று அவள் விடைத்தாள் திருத்தத் திருச்சிக்குக் கிளம்பினாள். பத்து நாள் விடுதியில் தங்க வேண்டும்.

"அங்க ரூம் ஏசியும் இந்தப் பட்டை சொன்னபடி கேக்குமாம். எனக்குக் கவலையே இல்ல."

அவர் அவள் பெட்டிக்குள் ஒரு கைவிசிறியை வைத்தார்.

"என்னங்க, கிண்டலா?"

"புதுப் பட்டை வர ஒரு வாரம் ஆகும், கோதை."

"இதுக்கு என்ன வந்துச்சு?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஏசி ரிமோட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"நீ அதைப் புகழ்றதைக் கேக்க நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல. அது செத்து நாப்பத்தோரு நாளாச்சு. அனல் வர்றதுக்கு முன்னாடி நீ தாலிக்கொடியைக் கழுத்துலேர்ந்து விலக்கிப் பிடிப்ப. அதைப் பாத்து நான்தான் ஏசியைப் போட்டுக்கிட்டிருந்தேன்."