மாமனார் கொடுத்த சக்கரம்

வளைவிலிருந்து வெளியே வந்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள்.

வண்டி யோசித்தது. யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது.

அடுத்த வளைவுக்கு வழக்கமான இடத்தில் பிரேக் பிடித்தாள். வேகம் குறைவேனா என்றது. ஓரத்துப் புல்லை மிதித்துவிட்டுத்தான் திரும்ப முடிந்தது.

இது அவளுடைய வண்டி இல்லை. அதாவது, அவளுடையதுதான். சிவப்பு, இரண்டே இருக்கை, சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டி. போன வாரம் வரை கேட்டது.

முடிவுக் கோட்டைத் தாண்டினாள். பலகையில் பெயர் ஏறியது.

பதினோராவது இடம்.

இறுதிப் போட்டிக்குப் பத்துப் பேரைத்தான் எடுப்பார்கள். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. அவளுக்கு ஒன்று போய்விட்டது.

கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தி இறங்கினாள். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

இன்று தேறாவிட்டால் வண்டியை விற்றுவிடுவது என்று வீட்டில் முடிவு. யாரும் மிரட்டவில்லை. சாப்பிடும்போது எல்லோருமாகக் கேட்டார்கள், அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையில் இப்போது நாலு போடலாம் போலிருந்தது.

நவநீதன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். கணவன். நல்லவன். சில நேரம் அதுவே தொந்தரவு.

"அப்பா வந்துட்டாரு பாரு! வேன் புடிச்சு சொந்தத்தையெல்லாம் கூட்டிட்டு வந்திருக்காரு."

முகமெல்லாம் பல்.

பார்த்தாள். கொட்டகையின் பின்பக்கம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. நடுவில் மாமனார். வண்டியிலிருந்து கழற்றிய பழைய சக்கரங்கள் நான்கையும் அவசரத்துக்கு உதவும் என்று நவநீதன் ஏற்றி வந்திருந்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய அவற்றின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். கையில் புளியோதரைத் தட்டு.

கோவையில் அவர் கடைக்கு வராத பணக்கார வீட்டுக் கார் கிடையாது. சக்கரம் விற்றே வீடு கட்டியவர். மருமகளின் பந்தயத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கிளம்பும் நாளில் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பார், அவ்வளவுதான்.

போன வாரம் அவரே நான்கு சக்கரங்களோடு வந்தார். பெரியவை. பொன்னிறம்.

"நம்மூட்டு வண்டி குட்டிச் சக்கரத்துல ஓடலாமா அம்மிணி?"

பக்கத்தில் நின்று மாட்டவைத்தார். குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் நசுக்கவைத்தார். அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

அதனால்தான் கனத்தை யோசிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவள் யோசித்திருக்க வேண்டும்.

எஞ்சின் முதலில் அந்தச் சக்கரங்களைச் சுழற்றித் தொலைக்க வேண்டும். மிச்சமிருக்கும் பலத்தில்தான் வண்டியை இழுக்க வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. சுழன்றதை நிறுத்துவதற்கும் அதே பாடு.

பழையதை மாட்டினால் தேறிவிடலாம்.

மாட்டினால், முதன்முதலாக வந்திருக்கும் மனுஷனை ஊர் பார்க்க அவமானப்படுத்தியதாகிவிடும்.

கையுறையைக் கழற்றினாள். மாட்டினாள். வண்டியைச் சுற்றி வந்தாள். பெரிய சக்கரத்தை ஓர் உதை விட்டாள். உடனே யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள்.

பார்த்திருந்தது சசிதரன் மட்டும். மாமனாரின் தங்கை மருமகன். அவன் கண் சக்கரத்தின்மேல்தான்.

"மாமா, என்ற காருக்கும் இதே மாட்டிக் குடுத்துருங்க. வாராவாரம் ஊட்டி ஏறறேன், சும்மா பறக்கோணும்."

மாமனாருக்குத் தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம், ஒரு பொய் சொல்லிச் சக்கரம் விற்கக் கூடாது என்பார். வாடிக்கையாளர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். நாக்கு அப்படியே பழகிவிட்டது.

"அய்யோ, உங்களுக்கு இது வேண்டாமுங்க மாப்ள. கனம் ஜாஸ்தி. வண்டி இழுக்காது. பிரேக்கு புடிச்சாத் தள்ளிப் போய் நிக்கும். நிப்பாட்டி வெச்சு அழகு பாக்கறவங்களுக்குத்தான் இது ஆவும்."

சொல்லிவிட்டு ஒரு வாய் புளியோதரை எடுத்துக்கொண்டார்.

அது அவள் காதிலும் விழுந்தது.

முதலில் வந்தது வெட்கம். காலில் விழுந்தோமே என்று. கோபம் கொஞ்சம் பிந்தி வந்தது. ஆனால் நன்றாகவே வந்தது.

நவநீதனும் கேட்டிருந்தான். அப்பாவைப் பார்த்தான். பாட்டிலின் மூடியைத் திறந்தான், மூடினான், திறந்தான். பற்கள் எங்கோ போயிருந்தன.

ஒலிபெருக்கி இரண்டாவது வாய்ப்புக்கான பெயர்களைப் படிக்கத் தொடங்கியது.

அவள் ஜாக்கியை இழுத்து வண்டிக்கு அடியில் தள்ளினாள். பிறகு கொட்டகையின் பின்பக்கம் போனாள். சொந்தங்கள் வழிவிட்டார்கள். மாமனாரின் எதிரே நின்றாள்.

"மாமா, கொஞ்சம் எந்திரிங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தோளுக்குப் பின்னால் மகனைத் தேடினார். நவநீதன் தரையில் மண்டியிட்டு நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

எச்சில் கையும் தட்டுமாக எழுந்தார். துண்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவளே மடித்து அவர் தோளில் போட்டாள்.

உட்கார அவருக்கு வேறு இடம் இல்லை.