ஒரே ஒரு தடவை

"பெத்த கையோட உங்ககிட்ட ஒண்ணு கேப்பா பாருங்க. அப்ப நீங்க வாயே திறக்கக் கூடாது" என்று வக்கீலம்மா அக்காவை முதல் நாளே எச்சரித்திருந்தார்.

"என்ன கேப்பா மேடம்?"

"வேற என்ன, குழந்தையைத்தான். சுமந்தவளுக்கு மனசு மாறாதா? ஆனா பயப்படாதீங்க, சட்டம் உங்க பக்கம். சொந்தக்காரப் பொண்ணா இருக்கணும், காசு கைமாறக் கூடாது, ஒருத்தி தன் ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவைதான் இப்படி வாடகைத்தாயாச் சுமக்கலாம். எல்லாம் சரியா இருக்கு. கையெழுத்துப் போடுங்க."

கர்ப்பப்பையை இழந்த அக்காவுக்காகச் சுமக்க முன்வந்தவள் சித்தி மகள். ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அவள் புருஷன், அக்கா வீட்டுக்காரரின் கிடங்கில் லாரி டிரைவர். குடித்தால் மனுஷனில்லை.

அக்கா பழக்கூடையோடு போகும்போதெல்லாம் அந்த வீட்டில் ஏதாவது நொறுங்கிக் கிடக்கும். ஒரு நாள் கண்ணாடி, ஒரு நாள் நாற்காலி. ஒருமுறை அவள் கண்ணெதிரிலேயே டிரைவர் இரும்புக் கம்பியை ஓங்கினான். தங்கை நகரவில்லை. வயிற்றின்மேல் கையை மட்டும் வைத்தாள். கம்பி அவள் தலையைத் தாண்டிப் போய் டிவியைப் பிளந்தது.

"முதலாளி புள்ளை உள்ள இருக்கு. பொழைச்சுப் போ!" என்று காறித் துப்பிவிட்டு வெளியேறினான்.

"ஐயோ, வயித்துல படலையே?" அக்காவுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"இல்லக்கா." தங்கை சிரித்தாள். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்..."

"அப்புறம் கேளு. முதல்ல மாத்திரையைப் போடு." எப்போது போனாலும் இதே பேச்சு, இதே நழுவல்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். "மூக்கு மட்டும் அவரு மூக்கு. பாவம், யாரு கட்டிக்குவாங்களோ!" என்று சிரித்தபடி அக்கா குழந்தையை வெளிச்சத்தில் பார்க்க வராந்தாவுக்கு எடுத்துப் போனாள்.

அறைக்குள் தட்டு உருளும் சத்தம். ஓடி வந்தாள்.

டிரைவர் தங்கையின் முடியைப் பற்றிக் கட்டிலிலிருந்து தரைக்கு இழுத்துப் போட்டிருந்தான். கையிலிருந்த குளுக்கோஸ் ஊசி பிய்ந்து ரத்தம் தெறித்திருந்தது. உதடு கிழிந்து தொங்கியது.

"எறக்கி வச்சாச்சு இல்ல? பத்து மாசப் பாக்கி இருக்குடி உனக்கு!" என்று மறுபடி காலை ஓங்கினான்.

கரப்பான் பூச்சியைக்கூட அடித்தறியாத அக்கா, குழந்தையை நர்ஸ் கையில் திணித்துவிட்டு, எவர்சில்வர் பிளாஸ்க்கை எடுத்து அவன் மண்டையில் போட்டாள். அவன் சுருண்டு விழுந்த பிறகும் போட்டாள். காவலாளிகள் வந்து அவனைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள்.

தங்கையைக் கட்டிலில் கிடத்தி, துண்டால் வாயைத் துடைத்துவிட்டு, குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தங்கையின் கண்கள் குழந்தைமேலேயே இருந்தன. சட்டென்று அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இப்பவாவது கேக்க விடுங்கக்கா."

வக்கீலம்மா சொன்ன நேரம் வந்துவிட்டது. அக்கா வாயைத் திறக்கவில்லை. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் மறுப்பாக அசைத்தாள்.

"என் பொண்ணு வயித்துல இருந்தப்பகூட மிதிச்சாருக்கா. உங்க புள்ளையைச் சுமந்த இந்தப் பத்து மாசம்தான் என்மேல ஒரு அடி விழல."

பிடி இன்னும் இறுகியது.

"அடுத்ததையும் என் வயித்துலயே வைக்கச் சொல்லுங்கக்கா."