கழற்றாத டயர்

“எங்க கைக்கு வந்து ஒரு நாள்கூட ரோட்டுல ஓடலீங்க” என்றாள் ஜெபராணி.

வேதாசலம் சிரித்தார். பழைய டயர் வாங்கி விற்கிறவரிடம் எல்லாரும் சொல்கிற பேச்சுதான் அது.

ஆனால் அவள் சொன்னது நிஜம். கார் டிக்கியில் ஸ்டெப்னியாகக் கிடந்த சக்கரம், ரிம்மும் காற்றும் அப்படியே இருக்க, வாசல் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது.

அவள் புருஷன் ஜெயகரன் ஆம்பூரில் டாக்ஸி ஓட்டினான். மலிவாகக் கிடைக்கிறதென்று யாரோ ஒருவரிடம் பழைய டயர் ரெண்டு வாங்கி வந்தான். ரிம்மில் மாட்டி, காற்றடித்துத் தயாராகக் கொடுத்ததால் கழற்றிப் பார்க்கவில்லை. ஒன்றை முன்பக்கம் மாட்டினான், மற்றதை டிக்கியில் போட்டான்.

அந்த வாரமே பேரணாம்பட்டு ரோட்டில் முன் டயர் வெடித்து, வண்டி புளியமரத்தில் மோதியது. விற்றவன் யாரென்று சொல்ல ஜெயகரன் உயிரோடு இல்லை.

கிழிந்த டயரை ஸ்டேஷனில் காட்டினார்கள். உள்ளே இருந்த வெட்டை மறைத்துத் தோல் துண்டு ஒட்டியிருந்தது. ஷூ கம்பெனியில் தைக்கிறவளுக்குத் தோல் தெரியாதா? பார்த்தாள், வீட்டுக்கு வந்தாள், உலை வைத்தாள். அழுகை அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வேதாசலத்துக்குச் சொல்லி அனுப்பியது கொழுந்தன் தேவானந்தம்தான். “அண்ணி, அண்ணன் கதையை மட்டும் எடுக்காதீங்க. அப்புறம் எவனும் வாங்க மாட்டான்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அவளும் தலையாட்டியிருந்தாள். ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வெடித்த டயருக்கு இது ஜோடி. இதை வாங்கி ஓட்டப்போகிறவன் வீட்டிலும் ஒருத்தி உலை வைத்துவிட்டுக் காத்திருப்பாளே.

வேதாசலம் குந்தி உட்கார்ந்து சக்கரத்தை ஒரு சுற்று உருட்டினார். டயரின் பக்கவாட்டில் இருந்த ஒரு தழும்பைக் கட்டைவிரலால் தடவினார்.

“இன்னாம்மா எதிர்பாக்குற?”

“நீங்களே பாத்துக் குடுங்கண்ணே. ஆனா அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு சொல்லிடணும். தெரியாம வாங்கிட்டுப் போயிடக் கூடாது. இந்த டயரு வந்து…”

“நீ இன்னா சொல்றது, நான் சொல்றேன் கேளு.” வேதாசலம் கையமர்த்தினார். விலையை இறக்க வேண்டுமென்றால் சரக்கை நாறடிக்க வேண்டும். வருஷக்கணக்கில் பழகிய வாய், தானாக ஓடியது.

“மேல பாக்கத்தான் பளபளன்னு இருக்குது. உள்ள நல்ல நீளமா ஒரு வெட்டு. அது ட்யூபைக் கடிக்காம இருக்க, தோலை வெட்டி ஒட்டி வச்சிருக்குது. இதைப் போட்டு வண்டி ஓட்ட முடியுமா? பேரிச்சம்பழத்துக்குத்தாம்மா ஆவும். ஏதோ சொல்லி அனுப்பினீங்களேன்னு எடுத்துக்கிறேன்.”

ஜெபராணி சக்கரத்தைப் பார்த்தாள். காற்று இறங்காமல் விறைப்பாகவே நின்றது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

“கழட்டாத டயருக்குள்ள தோலு இருக்கிறது உங்களுக்கு எப்டிண்ணே தெரியும்?”